துவக்கில்லாத துவக்குப் பெட்டி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் பருப்பு அவிகிறது. வாசலில் பெல் அடிக்கிறது.

எங்கள் வீட்டில் பெல் அடித்தால், வந்திருப்பது சொந்தக்காரர் இல்லை என்று அர்த்தம். அதுவரை சொந்தக்காரர் யாரும் இந்த வீட்டில் பெல் அடித்ததே இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

கதவைத் திறந்தால் டெலிவரிக்காரர் இருவர். நடுவில் என் உயரத்துக்கு ஒரு பெட்டி. பாரம் தாங்காமல் இருவருக்கும் முகம் சிவந்திருந்தது. எங்கே வைக்க என்று கேட்டார்கள். நான் ஒன்றும் ஓர்டர் பண்ணவில்லையே என்றேன். பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டினார்கள். சந்தேகமே இல்லை — என் கணவரின் பெயர்தான்.

அவருக்கு இங்கே கனடாவில், பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் சுப்பவைசர் வேலை. வேலை நேரத்தில் கூப்பிட்டால் கோபம் வரும். வரட்டும் என்று கூப்பிட்டேன்.

"என்னப்பா, பெரிய பெட்டி ஒண்டு வந்து கிடக்கு. பிறிஜ்ஜே வாங்கினனீங்கள்?"

"கவனமாய் இறக்கச் சொல்லும். அது துவக்குப் பெட்டி."

துவக்கென்றால் துப்பாக்கி. டெலிவரிக்காரர் காதில் விழாமல் குரலைத் தாழ்த்தினேன்.

"துவக்கு எப்ப வாங்கினனீங்கள்?"

"துவக்கு இன்னும் வாங்கேல்லை. பெட்டி முதல், துவக்கு பிறகு. சரி, வையும், லொறி வந்திட்டுது."

இவரைப் பற்றி, நான் வாராவாரம் பத்திரிகைக்கு எழுதுகிற இந்தப் பத்தியில் எழுதக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — என் மூட்டுவலியைப் பற்றி எழுதியிருக்கிறேன், வெங்காய விலையைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன், இவரை ஒரு வரியில்கூட இழுத்ததில்லை. இந்த வாரம் அந்தச் சட்டத்தை மீறுகிறேன். என்னை வழக்குக்குப் போடட்டும்.

எங்கே தொடங்கியது இது?

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பஞ்சாபிக் குடும்பம். நல்ல மனிதர்கள். குளிர்காலத்தில், பட்டப்பகலில், மூன்று பேர் அவர்களுடைய முன்கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வாசலில் நின்ற புது வாகனத்தின் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு. வீட்டில் அந்தப் பெண் மட்டும். திறப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாளாம். அவர்கள் அவளைத் தொடவில்லை. வாகனத்தோடு போய்விட்டார்கள்.

அன்றைக்கு நான் போய் அவளோடு இருந்தேன். தேத்தண்ணிக் கோப்பையை அவளால் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக் கொடுத்தேன். ஆகவே இவர் பயந்தது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. நானும் பயந்தேன். பகலில் நான்தானே வீட்டில் தனியாக இருக்கிறேன்?

அடுத்த நாள் ஒரு பொலிஸ்காரர் வீடு வீடாக வந்து, கமரா ஏதும் பூட்டியிருக்கிறீர்களா என்று விசாரித்தார். எங்கள் கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே காஸ் அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. அவர் மீனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "முதலில் இதை மூடி வையுங்கள்" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்குள் மீன் பொரித்தால் அந்த மணம் ஜக்கெற்றில் ஏறி, மறுநாள் எங்களோடு வேலைக்கும் வரும். ஆகவே அடுப்பு கராஜில். புகை போவதற்குக் கதவு பாதி திறந்திருக்கும். கோடையோ குளிரோ, சனிக்கிழமைகளில் எங்கள் கராஜ் கதவு அந்தரத்தில்தான் நிற்கும். அண்ணன், தம்பி, மச்சாள், மச்சாளின் தங்கை எல்லோரும் அதற்குக் கீழே குனிந்துதான் வருவார்கள். உள்ளே வந்தபிறகு "நான்தான்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் எங்கள் பெல்.

கதவு பூட்டியிருக்கிற நாளிலும் அவர்களுக்குக் கஷ்டமில்லை. வெளியே இருக்கிற பட்டனில் அடிக்கிற கோட், அந்த இரகசிய எண், எல்லோருக்கும் மனப்பாடம். எங்கள் மகள் மதுராவின் பிறந்தநாள்தான் கோட். கள்ளனுக்கு மூளையே தேவையில்லை. அவளுடைய பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டிருந்தால் போதும்.

கராஜ் கதவை மூடு என்பது பொலிஸ்காரர் இலவசமாகச் சொன்ன அறிவுரை. இவர் கேட்டாரா? இலவசமாக வருகிற அறிவுரையை எங்கள் ஆண்கள் எப்போது மதித்திருக்கிறார்கள்?

"கராஜை மூடினால் கள்ளன் நிப்பானே? அவங்கள் அந்த வீட்டிலை முன்கதவை உதைச்செல்லே வந்தவங்கள்" என்றார். அன்று பின்னேரமே யூரியூப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் தேடியது — வீட்டுப் பாதுகாப்புக்கு ஏற்ற செமி ஓட்டோமற்றிக் ஷொட்கன்.

அதுவரை எனக்கு உலகத்தில் ஒரேயொரு வகைத் துவக்குத்தான் இருந்தது. அது இலங்கையில், யுத்த காலத்தில், எங்களை ஊரைவிட்டு ஓட வைத்த துவக்கு. அதில் இத்தனை ரகம் இருக்கும் என்று நான் கண்டேனா? பம்ப் என்றால் ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். செமி என்றால் அடுத்த தோட்டா தானாக ஏறும். செமியிலும் இரண்டு வகை. காஸில் இயங்குவது தோளில் அதிகம் அடிக்காது, ஆனால் அடிக்கடி துடைக்க வேண்டும். உதைப்பில் இயங்குவதற்குத் துடைப்புக் குறைவு, அடி அதிகம். பிறகு பன்னிரண்டு கேஜ், இருபது கேஜ். எண் சிறிதென்றால் குழல் பெரிதாம். அந்த இடத்தில் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு. காரில் இதே பேச்சு. கோயிலில் பூசை முடிந்து அவல் வாங்க வரிசையில் நிற்கும்போதும், இவர் யாரோ ஒருவருக்குக் குழல் நீளத்தைக் கையால் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

இடையில் குகன் வந்து சேர்ந்தான். குகன் என் தம்பி. இன்ஷுரன்ஸ் விற்கிறான். பிறந்த நாளிலிருந்து அவன் ஒரு துவக்கைக் கையால் தொட்டதில்லை. ஆனால் வீடு வாங்குவதா, வான் வாங்குவதா, மாப்பிள்ளை பார்ப்பதா… எதற்கும் அவனிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும்.

"அத்தான், பம்ப் வேண்டாம். பதட்டத்திலை அரைவாசி இழுத்துப்போட்டு விட்டியள் எண்டால் இறுகி நிண்டிடும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு செமி எடுங்கோ."

"அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் சுடவும் போறார்" என்றேன்.

இரண்டு பேரும் அதைக் காதில் விழுத்தவில்லை. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. கண்ணாடி போடாவிட்டால், எதிரில் நிற்பது நானா குகனா என்று இவருக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடி எங்கே கிடக்கிறது என்பது நான் சொல்லாமல் தெரியாது. இவர்தான் வீட்டைக் காக்கப் போகிறார்.

ஒரு நாள் நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருக்கிறேன். இவர் என் தையல் பெட்டியிலிருந்த அளவுநாடாவோடு வந்து நிற்கிறார்.

"இஞ்சரும், வலது கையை மடியும்."

"ஏன்?"

"முழங்கை மடிப்பிலையிருந்து சுட்டுவிரல் மட்டும் அளக்கோணும். பின்பிடியின்ரை நீளம் அளவாய் இருந்தால்தான் தோளிலை வடிவாய் நிக்கும். நான் வேலையிலை நிக்கேக்கை நீர்தானே வீட்டிலை தனிய. உமக்கும் தோதாய் எடுக்கோணும்."

கலியாணத்துக்கு வளையல் அளவெடுத்த பிறகு இந்த மனிதர் என் கையை அளந்தது அன்றைக்குத்தான். நாடாவை நேராகப் பிடித்து, திரும்பவும் சரிபார்த்து, கவனமாக அளந்தார். எனக்குக் கோபம். சிரிப்பு. கூடவே கண்ணும் கொஞ்சம் கலங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். இவர் தனக்காகப் பயப்படவில்லை. அந்தப் பஞ்சாபிப் பெண் நிலத்தில் இருந்த இடத்தில் என்னை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் இவருக்கு நித்திரை போயிருந்தது.

அதற்காக அடுத்து நடந்ததையெல்லாம் மன்னித்துவிட முடியுமா? முடியாது.

சட்டப்படி ஒரு வகுப்பு இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய் இருந்தார். சோதனையில் பாஸ். பாஸ் பண்ணிக்கொண்டு வந்த மனிதரின் முகத்தில் சந்தோசத்தைக் காணவில்லை. என்னவென்று கேட்டேன். வீட்டைக் காக்க என்று சொல்லிக்கொண்டு யாரும் துவக்கு வாங்கப் போகாதீர்கள், இந்த நாட்டில் அது வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கும்தான் என்று வாத்தியார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம்.

"அப்ப விட்டிட்டியளே?"

"ஏன் விடுறன்? நான் இனி வேட்டைக்காரன்."

யார்? செவ்வாய், வெள்ளியில் மச்சம் மாமிசம் தொடாதவர். கோழிக்கடையில் வெட்டுகிற பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பவர். இவர் வேட்டைக்காரன்.

விலை விசாரிக்கக் குகனையும் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனார். லைசென்ஸ் இல்லாமல் கையில் தரமாட்டோம், பார்க்கலாம் என்றாராம் கடைக்காரர். என்ன வேட்டை என்றும் கேட்டாராம். இவர் முழிக்க, குகன் முந்திக்கொண்டு "வாத்து" என்றிருக்கிறான். கடைக்காரர் சந்தோசமாக ஒரு நீளத் துவக்கைத் தூக்கிக் காட்டினார். கோரைப்புல் நிறம் அடித்தது. இல்லை, குழல் கட்டையானது வேண்டும், லைற் பூட்டக்கூடியதாக வேண்டும் என்றார் இவர். வாத்துக்கு எதற்கு லைற் என்று கேட்டார் அந்த மனிதர்.

இரண்டு பேரும் அப்படியே வெளியே வந்து, கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

பிறகு பார்சல்கள் வரத் தொடங்கின. குழலில் பூட்டுகிற லைற். தோளில் கொழுவுகிற வார். தோட்டா செருகி வைக்கிற பட்டி. தோளில் அடி படாமல் இருக்க ஒரு ரப்பர் மெத்தை. விசைக்கு ஒரு பூட்டு. இதற்கெல்லாம் லைசென்ஸ் தேவையில்லையாம், எவனும் வாங்கலாமாம். கடைசியாகத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பெட்டி. குகனும் இவருமாக அதைக் கட்டில் அறைச் சுவரில் போல்ற் அடித்து இறுக்கினார்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒரு துவக்குக்கு வேண்டிய அத்தனையும் இருந்தன, துவக்கைத் தவிர.

வகுப்பில் படித்ததை எனக்கும் படிப்பித்தார். துவக்கை வெறுமையாக்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். தோட்டாவையும் வேறாகப் பூட்ட வேண்டும். பெட்டித் திறப்பு அலுமாரியின் மேல்தட்டில். தோட்டாவின் திறப்பு சாமியறையில், பிள்ளையாருக்குப் பின்னால்.

"அப்ப கள்ளன் வந்தால்?" என்று கேட்டேன். "தம்பிமாரே, கொஞ்சம் இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ, இவர் கண்ணாடியைத் தேடுறார், பிறகு சாமியறைக்குப் போகோணும் எண்டு நான் சொல்லுறதே?"

"நீர் எல்லாத்துக்கும் ஒரு கதை" என்றார்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். லைசென்ஸ் விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்துப் போட ஓர் இடம் இருக்கிறது. போடாவிட்டாலும் அனுப்பலாமாம். ஆனால் அவர்களே என்னைத் தொடர்புகொண்டு, உன் புருசன் துவக்கு வாங்கப் போகிறார், தெரியுமா என்று கேட்பார்களாம். இவ்வளவு காலம் இந்த வீட்டில் கார் வாங்கியிருக்கிறோம், சோபா வாங்கியிருக்கிறோம், ஒருமுறை யாரோ சொன்னார்கள் என்று மூன்று ஆடு கொள்ளுகிற பிறீஸர் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். உனக்குச் சம்மதமா என்று என்னை எவராவது கேட்டார்களா? முதல் தடவையாகக் கனடா அரசாங்கம் கேட்கிறது. நான் ஆறுதலாக யோசிக்கிறேன் என்று சொல்லி, தாளைப் பிறிஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தேன்.

ஒவ்வொரு நாளும் பால் எடுக்கப் போகும்போது இவர் அந்தத் தாளைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

இனி அந்தச் சனிக்கிழமை.

நான் கராஜில் மீன் பொரித்துக்கொண்டிருக்கிறேன். மேலேயிருந்து இவர் கூப்பிடுகிறார். ஒத்திகையாம். கீழே சத்தம் கேட்டால் நான் கட்டில் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிப் பொலிசுக்குப் போன் அடிக்க வேண்டும். இவர் படிக்கட்டின் உச்சியில் நிற்பார். துவக்கு இல்லாத குறைக்கு, மதுரா பள்ளிக்கூடத்தில் விளையாடிய பழைய ஹொக்கி மட்டையை எடுத்து, அதில் லைற்றை ஒட்டுநாடா சுற்றிக் கட்டி, வாரையும் கொழுவி, கைலிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கண்ணாடி இல்லை.

எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல? மீன் பாதி வெந்தபடி. ஒருமுறை ஆடிக் காட்டினால்தான் இந்த மனிதர் விடுவார் என்று அடுப்பை அணைத்துவிட்டு மேலே போனேன். வீட்டுப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கிறது… கீழே கராஜ் கதவு வழமைபோலப் பாதி திறந்தபடி கிடக்கிறது.

நான் இன்னும் அறைக்குள் கால்கூட வைக்கவில்லை. கீழே உண்மையாகவே சத்தம் கேட்டது. கராஜிலிருந்து வீட்டுக்குள் வருகிற கதவு. பிறகு தடதடவென்று காலடி.

இவர் லைற்றை அடித்தார். பகலிலும் கண் கூசுகிற வெளிச்சம் அது.

"ஆரடா அது? அசையாதை. அசைஞ்சால் சுடுவன்."

இந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். காலடி நின்றது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

அரை நிமிடம் இருக்கும். கராஜ் பக்கமிருந்து மதுராவின் குரல். கையில் சாப்பாட்டுப் பைகளோடு ஸ்காபரோவிலிருந்து வந்திருக்கிறாள். ஞாயிறு வருவதாகச் சொன்னவள், சொல்லாமல் சனியே வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வர எதற்குச் சொல்ல வேண்டும்?

"அம்மா, மாயா மேலையே? மீன் மணத்துக்கு எனக்கு முன்னாலை ஓடி வந்தவள்."

மாயா எங்கள் பேத்தி. ஐந்து வயது. பாலர் வகுப்பு. கராஜ் கதவுக்குக் கீழே குனியாமலே வரக்கூடியவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

மேலே இல்லை. குசினியில் இல்லை. பேஸ்மன்றில் இல்லை. "மாயா, மாயாக் குஞ்சு" என்று மூன்று பேரும் கத்துகிறோம். சத்தமே இல்லை. அடுப்பு சூடாக இருந்ததே என்று நான் கராஜுக்கு ஓடினேன். அந்தப் பாதி திறந்த கதவு… அதற்குக் கீழே குனிந்து தெருவைப் பார்த்தேன். பயந்து திரும்பி ஓடியிருந்தால்? தெருவில் கார் வந்திருந்தால்? யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால்?

இவர் தெருவுக்கு ஓடினார். பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. சாரத்தோடு, வெறுங்காலோடு, கையில் இருந்த மட்டையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், பேத்தியின் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினார். இரண்டு வீடு தள்ளி அந்தப் பஞ்சாபிப் பெண் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். தடியோடு ஓடி வருகிற ஒரு ஆம்பிளையைக் கண்டதும் சடாரென்று மூடிவிட்டாள். அதை இவரும் கண்டார்.

வீட்டுக்குள் மதுரா திடீரென்று நின்றுவிட்டாள்.

"அம்மா, கூப்பிடாதேங்கோ. கூப்பிட்டால் வரமாட்டாள்."

எனக்கு விளங்கவில்லை. அவள் நடு ஹோலில் போய் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு டீச்சரைப் போல அமைதியாகச் சொன்னாள்.

"மாயா, லொக்டவுன் இஸ் ஓவர்."

வாசலோடு இருக்கிற ஜக்கெற் அலுமாரியின் கதவு மெல்லத் திறந்தது. குளிர்கால ஜக்கெற்றுகளுக்குப் பின்னால், சப்பாத்துகளுக்கு மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள் என் பேத்தி. அழவில்லை. அழுதிருந்தால் என் மனம் இவ்வளவு பாடு பட்டிருக்காது.

"டீச்சர் சொன்னவ, நேம் சொல்லிக் கூப்பிட்டாலும் ஆன்சர் பண்ணக் கூடாது" என்றாள்.

தீ வந்தால் எப்படி ஓடுவது என்று பழக்குவது போல, ஆயுதத்தோடு யாரும் வந்தால் எப்படி ஒளிப்பது என்றும் இங்கே பள்ளிக்கூடத்தில் பழக்குகிறார்கள். கள்ளன் உன் பெயரைச் சொல்லியும் கூப்பிடலாம். வாயைத் திறக்காதே. பிள்ளை படித்ததைச் சரியாகச் செய்திருக்கிறாள். அம்மாவின் அப்பா, அவளுடைய அம்மப்பா, தொண்டை கிழியக் கத்தியதை அவ்வளவு நேரமும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறாள்.

அந்த இருப்பு எனக்குத் தெரியும். ஊரில் குண்டு விழும்போது, நிலத்துக்குள் வெட்டிய பங்கருக்குள் நான் அப்படித்தான் இருந்தேன். இவரும் வேறொரு ஊரில், வேறொரு பங்கருக்குள் அப்படித்தான் இருந்தார். சத்தம் போடாதே என்று எங்களுக்கு அம்மாமார் சொன்னார்கள், இவளுக்கு டீச்சர் சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கம் எங்களோடு முடியட்டும் என்றுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தோம்?

இவர் தெருவிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றார். மாயாவைக் கண்டதும் கையை நீட்டினார். அவள் மதுராவின் காலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அன்றைக்கு மீனை யாரும் வாயில் வைக்கவில்லை. மாயா மட்டும் கொஞ்சம் சாப்பிட்டாள், கண்ணை இவரிலிருந்து எடுக்காமல். இவர் கடைசிவரை மேசைக்கு வரவில்லை. ஹோலில் ஈரக் காலோடு உட்கார்ந்து, மட்டையில் சுற்றிய ஒட்டுநாடாவை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

போகும்போது மதுரா பிறிஜ் கதவில் இருந்த தாளைக் கண்டாள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"அப்பா, வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. உங்கடை வீடு, உங்கடை இஷ்டம். ஆனால் வாங்கினதும் எனக்கொருக்காச் சொல்லுங்கோ. பிறகு நாங்கள் கோல் பண்ணிப்போட்டு வந்து, முன்னாலை நிண்டு பெல் அடிக்கிறம்."

வேறு யாருக்கும் இது சாதாரணப் பேச்சாகத் தெரியலாம். பெற்ற மகள், தான் வளர்ந்த வீட்டுக்கு, போன் பண்ணி அனுமதி கேட்டுவிட்டு வந்து, வெளியே நின்று பெல் அடிப்பாளாம். இந்த வீட்டில் இவர் காக்க நினைத்தது எதையோ, அதை அவள் ஒரே வசனத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.  கார் திரும்பும்வரை இவர் வாசலில் நின்றார்.

அடுத்த சில நாள் இவர் யூரியூப்பைத் திறக்கவில்லை. நானும் "சொன்னேனே" என்று சொல்லவில்லை. நம்புங்கள், அது எனக்கு லேசான காரியமில்லை.

ஒரு நாள் பால் எடுக்கப் போனபோது பிறிஜ் கதவில் தாளைக் காணவில்லை. கேட்டேன். "இலாச்சிக்குள்ளை வைச்சனான். கிடக்கட்டும்" என்றார். கிழித்தெறிந்தேன் என்று சொல்ல அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. பரவாயில்லை, மேசை இலாச்சிக்குள், அந்த இழுப்பறைக்குள் போனது எதுவும் இந்த வீட்டில் திரும்ப வெளியே வந்ததில்லை.

வார முடிவில் குகனைக் கூப்பிட்டு, கராஜ் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, புகையை வெளியே தள்ளுகிற பெரிய காத்தாடி ஒன்று பூட்டினார். புகை இனி அந்த வழியால் போகும். கதவை முழுதாக மூடிவிட்டு மீன் பொரிக்கலாம். முன்கதவு நிலைக்கு இரும்புத் தகடு வைத்து நீள ஸ்குரூ இறுக்கினார். பொலிஸ்காரர் சொன்னதைக் கடைசியில் செய்தாயிற்று, அதுவும் தன்னுடைய யோசனை என்ற மாதிரி. குகனுக்குத்தான் ஏமாற்றம். "செமி எண்டால் செமிதான், அக்கா" என்று போகும்போதும் முணுமுணுத்தான். அவனை நான் தேத்தண்ணி குடுத்து அனுப்பினேன்.

பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம். சுவரில் போல்ற் அடித்தாயிற்றே. இப்போது அதற்குள் பாஸ்போட், என் சங்கிலி, கூடவே இவருடைய கண்ணாடி. கண்ணாடி எங்கே என்று கேட்டால், நான் இப்போது ஒரு விரலைத்தான் நீட்டுகிறேன்.

கராஜ் கோட்டையும் மாற்றினார். ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னார், அதுவும் காதுக்குள்.

போன ஞாயிறு. பெல் அடித்தது.

இவர்தான் ஓடினார். கதவைத் திறந்தால் மதுராவும் மாயாவும்.  நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவருடைய முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஏன் பிள்ளை… ஏன் பெல் அடிக்கிறாய்?"

"கோட் வேலை செய்யேல்லை அப்பா. மாத்திப்போட்டியளே?"

அப்படியென்றால் அவள் முதலில் கராஜுக்குத்தான் போயிருக்கிறாள். இவருக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும், முழங்கால் மடங்காது என்று சாமிக்குக்கூடக் குனியாத மனிதர், வாசற்படியில் அப்படியே குந்தினார். மாயா தாயின் கையைப் பிடித்தபடி நின்றாள். இவர் அவளை இழுக்கவில்லை. இருந்த இடத்திலேயே காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவளாக ஒரு அடி வைத்து வந்தாள். புதுக் கோட்டை அவளுடைய காதுக்குள் சொன்னார்.

"ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. உனக்கும் எனக்கும் மட்டும்தான்."

"ஓகே, அம்மப்பா" என்றாள். பிறகு தாயை இழுத்துக்கொண்டு, முன்கதவால் உள்ளே வராமல், சுற்றிக் கராஜ் பக்கம் ஓடினாள். பட்டன் அடிக்கிற சத்தம் கேட்டது. கதவு மேலே போனது.

புதுக் கோட் என்னவென்று நான் இங்கே எழுத மாட்டேன். மாயாவிடம் சொல்லியாகிவிட்டதே… இனிப் பிறம்ரனில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார்கள்.